பாடில்லாத நாளில்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

நேற்று கொச்சி தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து நீ பேசும்போது பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மீன்பாடு எப்படி என்று கேட்டேன். "டீசல் காசுகூடத் தேறல அப்பா" என்றாய். 22 நாள் கடலில் தங்கி வந்தவன் சொல்கிற சொல் அது. எனக்கு அது புதிதில்லை. ஆனால் அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் ஏறின நேரம்னு பேசிக்கிறாங்க" என்றாயே, அதுதான் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. போனில் பதில் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி நாளை மறுநாள் கொச்சிக்கு வருகிறான், இதை அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

மக்கா, ஆளின் ராசி பார்த்து மீன் வருவதும் இல்லை, போவதும் இல்லை. நீங்கள் வலை விட்ட ராத்திரிகளில் பாதி பௌர்ணமியை ஒட்டியவை. நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும் என்று உன் தாத்தா காலத்திலிருந்தே சொல்வோம். அஷ்டமி, நவமியை ஒட்டி நீவாடு, அதான் கடல் நீரோட்டம், தளர்ந்துவிடும், அப்போது இரை இருந்த இடத்திலேயே தொங்கும். தண்ணீர் தெளிந்துவிட்டாலும் கஷ்டம். இப்போது ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையத்துக்காரர்கள் செயற்கைக்கோள் வழியாகக் கடலின் சூட்டையும் பச்சையையும் பார்த்து மீன் கூடும் இடம் சொல்கிறார்கள். நல்ல விஷயம், நானும் கேட்கிறேன். ஆனால் மேகம் மூடினால் அதற்கும் தெரியாது.

சாளை மீனை எடுத்துக்கொள். 2012-இல் கேரளக் கரையில் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் பிடித்தார்கள். 2021-இல் 4 ஆயிரம் டன்கூடத் தேறவில்லை. அப்புறம் மறுபடியும் வந்தது. அந்த வருஷம் எந்தப் பையன் எந்த வள்ளத்தில் ஏறினான் என்று அது போயிற்று?

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாக எழுதுகிற நானே ஒருகாலத்தில் அப்படிப் பேசியவன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

எனக்கு அப்போது முப்பது வயதிருக்கும். ஐப்பசி மாதம். வள்ளத்தில் நாங்கள் நாலு பேர், நாலாவது ஆள் 16 வயதுப் பையன், தகப்பன் இல்லாதவன். ஆறு நாள் வெறும் வள்ளமாகத் திரும்பியிருந்தோம். ஏழாவது நாள் 28 பாக ஆழத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். நீவாடு இல்லை, காற்றும் இல்லை, தண்ணீர் எண்ணெய் மாதிரி நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. மண்ணெண்ணெய்க் கடன், உன் அக்காவுக்குக் காய்ச்சல், எல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்து இரை வெட்டிக்கொண்டிருந்த பையன் கை வழுக்கி ஒரு கணவாய் மீனைக் கடலில் விட்டுவிட்டான். ஒரே ஒரு கணவாய். "நீ ஏறின நாள்தொட்டு இந்த வள்ளம் விளங்கல" என்று கத்தினேன்.

அவன் பதில் பேசவில்லை. கத்தியைப் பலகையில் வைத்தான். விரலில் ஒட்டியிருந்த கணவாய் மையைக் கடல் தண்ணீரில் கழுவினான். மை போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான். மறுநாள் அவன் கடலுக்கு வரவில்லை. கொத்தனாருக்குக் கையாளாகப் போய்விட்டான். அடுத்த வாரமே நீவாடு திரும்பி, களவாய் மீனும் பாரையுமாக வள்ளம் தாழ்ந்து வந்தது. கரையில் ஏலம் போகும்போது அவன் அம்மா கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பங்கில் ஒன்று அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது.

2017-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு, போனவர்கள் வருவார்களா என்று கோவில் முற்றத்தில் எல்லோரும் ராத்திரி பகலாகக் காத்துக் கிடந்தோமே, அங்கேதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் மறந்தாச்சு அண்ணே" என்றான். மறக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அதனால் உன்னைச் சொன்னவரிடம் நீ சண்டைக்குப் போகாதே. அவர் வீட்டிலும் வட்டிக்காரன் வந்து உட்கார்ந்திருப்பான். செலவு போகத்தானே பங்கு, கையில் ஒன்றும் நிற்காதபோது மனுஷன் யார்மேலாவது இறக்கி வைக்கத்தான் பார்ப்பான். ஆனால் அந்தச் சொல்லை நீ உள்ளே ஏற்றிக்கொள்ளாதே. உனக்குப் பின்னால் ஒரு புதுப்பையன் ஏறும்போது, அதை அவன்மேல் இறக்கியும் விடாதே.

மீன் இல்லாத மணிநேரங்களில் கையைச் சும்மா வைக்காதே. தூண்டில் முள் ஒவ்வொன்றையும் பெருவிரல் நகத்தில் இழுத்துப் பார். நகத்தில் பிடித்தால் கூர் இருக்கிறது, வழுக்கினால் அரம் போடு. தூண்டில் நரம்பைக் கீழுதட்டில் வைத்து மெதுவாக ஓட்டு. விரலுக்குத் தெரியாத கீறல் உதட்டுக்குத் தெரியும். இரை கடிபடாமல் இருந்தாலும் வெளுத்துப்போனால் மாற்று, வாசனை போன இரையை எந்த மீனும் தேடி வராது. கைத்தூண்டில் போடும்போது இரண்டு பாகம் ஏற்றிப் பார், இரண்டு பாகம் இறக்கிப் பார். அடுத்த படகுக்கு மீன் என்று வயர்லெஸ்ஸில் கேட்டதும் டீசலை எரித்துக்கொண்டு ஓடச் சொல்லாதே. நீங்கள் போய்ச் சேரும்போது பாதித் தடவை அந்தக் கூட்டம் கலைந்துபோயிருக்கும்.

அப்புறம், நேரத்துக்குச் சாப்பிடு. மீன் இல்லாத நாளில் யாருக்கும் சோறு இறங்காது, நீயே பானையைத் திறந்து எல்லோருக்கும் போடு. உன்னைச் சொன்ன அந்தப் பெரியவருக்கு முதலில் போடு. உன் அம்மா நாரத்தங்காய் ஊறுகாயும் வறுத்த கருவாட்டுப் பொடியும் கட்டியிருக்கிறாள், அதைப் பதினோரு பேருக்கும் வருகிற மாதிரி வை.

பொட்டலத்தில் தாத்தாவின் அரம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றியிருக்கிறேன். வேலை முடிந்ததும் அதே துணியில் சுற்றி உள்ளே வை, உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும்.

அன்புடன்,
அப்பா