நரம்பு கரண்ட் ஒயர் இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க. போன வாரம் மருத்துவப் பக்கத்துல நரம்புங்கறது கரண்ட் ஒயர் மாதிரி, அறுந்தா அறுந்தது, இல்லீன்னா ஒண்ணுமில்ல, தலையில அடிபட்டாலும் ஸ்கேன் நார்மல்னா பயமில்லைன்னு போட்டிருந்தீங்க. சோமனூர்ப் பக்கம் முப்பது வருசமா தறி ஓட்டறவன் நானுங்க, என்னைக் கேட்டா அது ஒயர் இல்ல, தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டற பாவு நூலு.

இடுப்புக்கிட்ட இருந்து பாதம் வரைக்கும் ஒரே நரம்பு செல்லோட வால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் போகுது, தலைமுடியை விட மெல்லிசு, நாம குனியறப்பல்லாம் அதுவும் இழுபடுது. அறாம இருக்கறதுக்கு உள்ளார ஒரு எலும்புக்கூடே இருக்குதுங்க. நீளவாக்குல மைக்ரோடியூப்யூல்னு குழாயிங்க, ஒவ்வொண்ணும் 25 நானோமீட்டர் அகலம், செல்லுக்கு வேண்டிய சரக்கு போறதும் அதும் மேலதான், டௌங்கற புரதம் அதுகளைக் கோத்து வைக்குது. வாலோட மேல்சவ்வுக்கு உள்பக்கம் 190 நானோமீட்டருக்கு ஒண்ணா ஆக்டின்ங்கற புரதத்தால ஆன வளையம், வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல ஸ்பெக்ட்ரின்ங்கற இன்னொரு புரதம், ஸ்பிரிங் கணக்கா. இதை ஹார்வர்டுல 2013லதான் பாத்தாங்க! நம்ம பக்கத்து பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்துல கோழிக்கரு நரம்பை இழுத்துப் பாத்து, அந்த ஸ்பெக்ட்ரின் மடிப்பு விரிஞ்சுதான் இழுப்பை வாங்கிக்குதுன்னு 2020ல சொல்லியிருக்காங்க. பீட்டா ஸ்பெக்ட்ரின் இல்லாத ஒருவகைப் புழுவுக்கு நெளிஞ்சாலே நரம்பு ஒடியுதாம், பாவம்.

ஆனா எல்லாம் மெதுவா இழுத்தாத்தான். பாவு மெதுவா இழுத்தா கொடுக்கும், தறி ஒரு ஜெர்க் அடிச்சா நாலு இழை சடக்குன்னு போயிரும், அப்பறம் முடிச்சுப் போட்டுட்டே நிக்கோணும். நரம்புலயும், மூளைக்குள்ள இருக்கற நரம்பு இழையிலயும் அதேதான், மெதுவா இழுத்தா டௌ விட்டுவிட்டுப் புடிக்கும், வெடுக்குன்னு இழுத்தா விடறதுக்கு நேரமில்லாம விறைச்சுக்கும், குழாயி ஒடியும், சரக்கு நின்னு அந்த எடம் மணி மணியா வீங்கிக்கும். நரம்பு வெளிய முழுசாத்தான் இருக்கும், சி.டி. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாம போயிரும்.

என் மச்சான் பையன் அவினாசி ரோட்டுல பைக்ல விழுந்தானுங்க, தலையில அடி, ஸ்கேன் நார்மல்னு ஒரு ஆஸ்பத்திரியில அன்னிக்கே அனுப்பிட்டாங்க, ரெண்டு மாசம் பேரைக் கூப்பிட்டா திரும்பறதுக்கே சித்த நேரம் ஆகும். வேற டாக்டர்தான் இப்படி இருக்கலாம்னு வெளக்கினாரு.

அடுத்த தடவை தலைக்காயத்தைப் பத்திப் போடறப்ப அந்த ‘பயமில்லை’ங்கற வரியை மட்டும் எடுத்துருங்க.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரன், சோமனூர்