தளிச்சேரிக் காதல் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

தொடராக வந்த கதை புத்தகமாக அச்சுக்குப் போய்விட்டது. 'உதவிய அனைவருக்கும் நன்றி' என்று முன்னுரையில் ஒரே வரியில் முடித்துக்கொள்வது நம் பதிப்புலக வழக்கம். எனக்கு அந்த வரி என்றைக்குமே பிடித்ததில்லை. யார் எதைக் கொடுத்தார் என்று சொன்னால்தான் அது நன்றி. சரித்திரக் காதல் கதை எழுத நினைக்கும் இளையவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் இருக்கும். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டபடி முறை சொல்லியே அழைக்கிறேன்.

கதை 1013-14இல் நடக்கிறது. நாயகி, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளில், அதாவது கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடு பெற்ற ஆடல் மகளிரில், ஒருத்தி. நாயகன், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்குப் பள்ளிச்சந்தமாக (சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடும் கொடையாக) விடப்பட்ட ஆனைமங்கலத்தின் நெல் கணக்கை எழுதுகிறவன். இருவரும் கற்பனை. அவர்களைச் சுற்றி இருப்பதெல்லாம் நீங்கள் தந்தது.

முதல் நன்றி கல்வெட்டு ஐயாவுக்கு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை எப்படிப் பிரிப்பது என்பதிலிருந்தே அவர் தொடங்கினார். முதலில் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனைப் புகழும் பகுதியை, பார்க்க வேண்டும். 'திருமகள் போல' என்றிருந்தால் முதலாம் ராஜராஜன். 'திருமன்னி வளர' என்றால் ராஜேந்திரன். ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மட்டும் நம்பி மன்னனைத் தீர்மானிக்கக் கூடாது, ஏனென்றால் சோழர்கள் அவற்றை மாற்றி மாற்றிச் சூட்டிக்கொண்டார்கள். அடுத்தது ஆட்சியாண்டு. ராஜராஜன் பட்டமேறியது 985 ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில். 29ஆம் ஆண்டு என்றால் 985உடன் 29ஐக் கூட்டி 1014 என்று எழுதிவிடுவார்கள். 985இலேயே முதலாண்டு தொடங்கிவிட்டதால் 28ஐத்தான் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினாலும் கிடைப்பது 1013 நடுவில் தொடங்கி 1014 நடுவில் முடியும் ஓர் ஆண்டுதான். கதையில் ஆடிப்பெருக்கும் தைப்பொங்கலும் எந்த ஆங்கில ஆண்டில் விழும் என்பது இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

தளிச்சேரிக் கல்வெட்டை அவரோடு வரிவரியாகப் படித்தால் அது ஒரு தெருவின் வீட்டுவரிப் பதிவேடு மாதிரியே இருக்கும். தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று நானூறு பேருக்கும் எழுதியிருக்கிறது. நக்கன் உதாரி, நக்கன் எடுத்தபாதம், நக்கன் சோழகுலசுந்தரி. மோகினி, வல்லி என்று முடியும் பெயர்களைச் சூட்டிக்கொண்டிருக்கும் நாம் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எடுத்தபாதம் என்று ஒரு நாட்டியக்காரிக்குப் பெயர்! இதைவிட நல்ல பெயரை எந்த எழுத்தாளன் யோசித்துவிடப் போகிறான்?

ஐயா அத்தோடு விடவில்லை. பெயர் கிடக்கட்டும், வருமானத்தைப் பார் என்றார். ஒருத்திக்கு ஆண்டுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 நாழி. ஆக 9,600 நாழி. நாளொன்றுக்கு 26 நாழிக்குச் சற்று மேல். ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்ற அக்காலக் கணக்கில் நாளுக்குப் பத்து நாழிக்கு மேல் அரிசி. ஒருத்தி தின்று தீர்க்கும் அளவல்ல இது. சொந்த வீடும் இவ்வளவு நெல்லும் உள்ளவள், நாயகன் வந்து மீட்கட்டும் என்று சாளரத்தோரம் நின்று அழ வேண்டிய அவசியமே இல்லை. கதையின் முதுகெலும்பு இந்தக் கணக்கிலிருந்துதான் கிடைத்தது. கடத்தப்படும் நாயகி, மூர்ச்சை போடும் நாயகி இரண்டையும் நான் வாசகனாகவே ரசிப்பதில்லை. தன் நெல்லைத் தானே அளந்து வாங்குகிற பெண்ணின் காதலை எழுதுவதுதான் எனக்குச் சுவை.

விளக்கு பற்றிச் சொன்னதும் ஐயாதான். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையாவிளக்கு, எரிய 96 ஆடுகளை விட வேண்டும். அவற்றிலிருந்து நாளுக்கு ஓர் உழக்கு நெய் வரும். விடிய விடிய ஒரு திரி எரிவதற்கு இவ்வளவு ஏற்பாடு என்றால், வீட்டுக்குள் இரவு முழுக்க ஏழெட்டு விளக்கை ஏற்றிவைத்துக் காதலர்களைப் பேசவிடுவது சரிப்படாது. இருட்டில் பேசட்டும். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இருட்டு என்றதும் பஞ்சாங்க மாமா நினைவுக்கு வருகிறார். நிலவில்லாமல் சரித்திரக் காதல் ஏது? ஆனால் நம் கதைகளில் அதிகம் தவறுவது நிலவுதான். மூன்றாம் பிறை நள்ளிரவில் உச்சியில் நிற்கும். பௌர்ணமி நிலா விடியலில் கிழக்கே எழும். மாமா சொன்ன கணக்கு எளிது. பௌர்ணமியன்று சூரியன் விழும்போது நிலா எழும். அதன் பிறகு திதிக்கு ஏறத்தாழ இரண்டு நாழிகை தாமதம். நாழிகை 24 நிமிடம். தேய்பிறைப் பஞ்சமியில் சந்திப்பு என்றால் பொழுது சாய்ந்து பத்து நாழிகை வரை, அதாவது இரவு பத்து மணி வரை, ஊர் கும்மிருட்டு. வளர்பிறை அஷ்டமியில் நேர் எதிர். அந்தியிலேயே நிலா உச்சிக்கு வந்து, நடுநிசியில் மேற்கே இறங்கிவிடும். மூன்றாம் பிறை மேற்கில் மட்டும், சூரியன் மறைந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள். அதற்குமேல் அதைத் தேடக் கூடாது.

நாள் பார்க்க சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் எபிமெரிஸ் (பழைய நாள், திதிகளின் அட்டவணை) தொகுதிகள் போதும், கி.பி. 700 முதல் 1799 வரை அதில் உண்டு. கணினியில் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடத்தையும் மாமா காட்டினார். 1582க்கு முந்தைய தேதிகள் ஜூலியன் நாள்காட்டிப்படி. சில மென்பொருள்கள் இன்றைய கிரிகோரியன் கணக்கையே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போகும். பதினோராம் நூற்றாண்டில் இரண்டுக்கும் வித்தியாசம் 6 நாள். இரண்டையும் கலந்துவிட்டால் பௌர்ணமிக் காட்சி சஷ்டியில் போய் நிற்கும். இன்னொன்று: இப்போது ஏப்ரல் 14 வாக்கில் பிறக்கும் சித்திரை அன்று ஜூலியன் கணக்கில் மார்ச் 24 வாக்கில் பிறந்தது. இன்றைய நாள்காட்டியில் வைத்துப் பார்த்தால் மார்ச் 30. ஆகவே அன்றைய சித்திரை முதல் நாளில் இன்றைய கத்திரி வெயிலைக் கொட்டக் கூடாது.

பூக்கடை அக்காவுக்குத் தனி நன்றி. வர்ணனையில் எனக்குக் கண்ணைவிட மூக்கின் மேல் நம்பிக்கை அதிகம், அதனால் உங்களைத்தான் அதிகம் தொந்தரவு செய்திருக்கிறேன். மல்லிகையை விடியுமுன் மொட்டாகப் பறித்தால்தான் அந்தியில் கூந்தலில் இருக்கும்போது விரியும். காலையிலேயே மணந்துவிட்டால் மாலைக்கு ஒன்றுமிருக்காது. வாழைநாரை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த நார் முடிச்சில் அறும், சொட்டச் சொட்ட நனைந்த நார் காம்பை அழுகவைக்கும். மகிழம்பூ வாடியபின்னும் மணக்கும் என்று நீங்கள் சொன்னதைத்தான் நாயகன் ஓலைச்சுருளுக்குள் வைத்து அனுப்புகிறான்.

எந்தப் பூவை விலக்க வேண்டும் என்பதைத் தாவரவியல் தங்கை பார்த்துக்கொண்டார். கோயிலில் நாகலிங்கப் பூவைப் பொறுக்கும் நாயகியை எத்தனை கதைகளில் பார்த்திருப்போம்! அந்த மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மாலைகட்டும் நிலச்சம்பங்கியும், மஞ்சள் துலுக்கச் செவ்வந்தியும் மெக்சிகோவைச் சேர்ந்தவை. காகிதப்பூவும் கடல் கடந்து வந்ததே. செண்பகம், முல்லை, பிச்சி, தாழை, செங்கழுநீர் எல்லாம் நம்முடையவை. கனகாம்பரத்தையும் தாராளமாக வைக்கலாம்.

சமையலுக்கும் இதே சல்லடைதான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பரங்கிக்காய், நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி எதுவும் கிடையாது. கோயில் அமுதுபடிக் (சாமிக்குப் படைக்கும் உணவு பற்றிய) கல்வெட்டுகளில் வரும் மிளகு, கடுகு, சீரகம், புளி, நெய், தயிர், வாழைப்பழத்தை வைத்துக்கொண்டே ஒரு விருந்தை ஒப்பேற்றிவிடலாம். அத்தை வைத்துக் காட்டிய மிளகுக் குழம்பில் ஒரு நுணுக்கம் உண்டு: மிளகைப் பொடித்துக் கடைசியில்தான் போட வேண்டும், முன்னாலேயே கருக வறுத்தால் கசக்கும். நாயகி அப்படித்தான் செய்கிறாள்.

சாயப்பட்டறை அண்ணன், நிறங்களைப் பற்றி நீங்கள் சொன்னது துணிக்கடையில் நிற்கும்போதெல்லாம் காதில் ஒலிக்கிறது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பாலின் கொழுப்பு இல்லையென்றால் தீட்டும் மை இழையோடு பரவிவிடும். படிகாரம் பட்ட இடத்தில்தான் சாயவேர்ச் சிவப்பு பிடிக்கும். நீலத்துக்கு அவுரி. பளீரென்ற ஊதாவும் ராணி ரோஜாவும் 1856இல் செயற்கைச் சாயம் பிறந்தபின் வந்தவை என்பதால் ஓவியரிடம் அட்டைப்படத்தை மறுபடி வரையச் சொல்ல வேண்டியதாயிற்று. முகம் கோணாமல் வரைந்து தந்த அவருக்கும் நன்றி. கச்சு விஷயத்தில் சோழர் செப்புத்திருமேனிகளைப் பார்த்தே தீர்மானித்தோம்: ஸ்ரீதேவிக்குக் கச்சு உண்டு, பூதேவிக்கு இல்லை.

ஏட்டுச்சுவடிகளைப் பாதுகாக்கும் அம்மாவிடம் பெற்றதுதான் கதையின் நடுப்பகுதி. பனையோலையை நரம்பு நீக்கி, நிழலில் காயவைத்து, மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து, மறுபடி உலர்த்தி, சங்கால் தேய்த்து மழமழப்பாக்கினால் எழுதலாம். எழுத்தாணியை அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும். அதனால் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. குறிலும் நெடிலும் மயங்கும், காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். கீறியவுடன் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் கீறலில் மை நின்று எழுத்து எழும். மை தடவாமல் அனுப்பிய ஓலையை வெறும் ஓலை என்று சுங்கக்காரன் திருப்பித் தருகிறான், அவள் வீட்டில் வைத்து மை தடவுகிறாள். இந்த அத்தியாயத்தைப் பாராட்டியவர்கள் அம்மாவைத்தான் பாராட்ட வேண்டும்.

எழுதுகிறவர்கள் இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் ஒரு வெட்டு வைத்து, எழுத்தாணியை அதில் சார்த்தித் தள்ளுவார்கள் என்று தம் நகத்திலேயே கோடு போட்டுக் காட்டியதும் அவரே. முகம் தெரியாத இருட்டில் நாயகி அவனை அந்த நகவெட்டைத் தடவித்தான் அறிகிறாள்.

வண்டி ஓட்டும் தாத்தா வழிக்கணக்கைத் தந்தார். பாரமேற்றிய மாட்டுவண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர். மாட்டை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் காட்டும் நேரம் போக நாளுக்கு 25 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஓலை போய்ச் சேர மூன்று நான்கு நாள், பதில் வர அதே அளவு. ஊடல் தீர ஏழெட்டு நாளாவது ஆகும்! ஆடியில் இன்னும் இழுக்கும். மேட்டூர் அணை 1934இல்தான் வந்தது. அதற்கு முன் குடகில் பெய்தது தடுப்பாரின்றி இறங்கும், பரிசலும் ஓடமும் கரையிலேயே கிடக்கும்.

மெய்ப்புத் திருத்திய தம்பிக்கு: உரையாடலில் புகுந்திருந்த சாவி, ஜன்னல், மேசை மூன்றையும் வெளியேற்றியதற்கு நன்றி. அவை போர்ச்சுகீசியரோடு வந்தவை. பக்கம் குறைத்ததற்கும் சேர்த்து. டெமி அளவுப் புத்தகத்தில் ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் ஒரு தொகுப்பு, 16 பக்கம். கடைசிப் பாரத்தில் மூன்று பக்கம் வழிந்தால் மீதி 13 வெற்றுப் பக்கங்களுக்கும் தாள் விலை கொடுக்க வேண்டும். அந்த மூன்று பக்கத்தை அடைமொழிகளிலேயே வெட்டி எடுத்துவிட்டார். ஒரு வாசகர்கூடக் குறையாகச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்த கதை குதிரை வணிகம். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்கு இறைச்சியும் சோறும் வேகவைத்துக் கொடுத்தார்கள், லாடம் அடிக்க ஆளில்லை, அதனால் மடிந்தன என்று எழுதியிருக்கிறார். குதிரை வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால், அரபுக் குதிரைக்கு நம் ஊர் வெக்கையில் முதலில் எது கெடும், குளம்பா வயிறா என்று சொல்லி உதவுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் கதைகாரன்