பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன்

அன்புள்ள கதிருக்கு,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாகப் படி, அவசரமில்லை. இதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆகஸ்டில் நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பெரியம்மா வீடியோ காலில் வந்தாளே, ஞாபகமிருக்கிறதா? "தம்பி எங்கே படிக்கப் போறான்?" என்று கேட்டாள். "சான்டா பார்பராவில்" என்றேன். "ஓ, அந்த யூனிவர்சிட்டியா!" என்று சந்தோஷப்பட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. நீ தலை நிமிராமல் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாய். ஃப்ரீமான்டிலிருந்து உன்னைக் கொண்டுபோய் விடும் வழி முழுக்க எனக்கு அதே நினைப்புதான். தப்பு என்னுடையது, கண்ணா. நேற்று பெரியம்மாவைக் கூப்பிட்டு, "அவன் சேர்ந்திருப்பது அந்த யூனிவர்சிட்டி இல்லை, சிட்டி காலேஜ், இரண்டு வருஷம் படிக்கும் கம்யூனிட்டி காலேஜ்" என்று சொல்லிவிட்டேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் காலேஜ் 1909-இல் தொடங்கியது. ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். அங்கே 60 யூனிட் முடித்து யூசி, அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் மூன்றாம் வருஷம் சேர்ந்தால், முடிவில் கிடைக்கும் பட்டம் எல்லாருக்கும் கிடைக்கும் அதே பட்டம். இரண்டு வருஷம் எங்கே படித்தாய் என்று அதில் எழுதியிருக்காது.

ஆனால் அந்த 60 தானாக வந்துவிடாது. 12 யூனிட் எடுத்தாலே முழுநேர மாணவன் என்கிறார்கள், அதை நம்பி நிறையப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். நாலு செமஸ்டருக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக எடுத்தால் 48தான். சராசரி 15 வேண்டும், இல்லையென்றால் கோடையில் ஈடுகட்ட வேண்டும். ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு வகுப்பில் ஒரு மணி நேரம், வீட்டில் இரண்டு மணி நேரம் என்று கணக்கு. 15 யூனிட்டுக்கு 45 மணி நேரம் ஆகிறது. நீ காபி கடையில் 25 மணி நேரம் வேலை பார்க்கிறாய். இரண்டையும் சேர்த்தால் 70. இது ஓடாது. கடை நேரத்தைப் பன்னிரண்டாகக் குறைத்துக்கொள். வாடகையில் குறைவதை நானும் அப்பாவும் போடுகிறோம், பேசிவிட்டோம்.

அப்புறம், கவுன்சலரைப் போய்ப் பார். மனக்கஷ்டம் இருந்தால்தான் போக வேண்டும் என்றில்லை. எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று நாலு செமஸ்டருக்கும் திட்டம் போட்டுத் தருவதே அவர்கள் வேலை. நீ எடுக்கும் பாடத்தை யூசி ஏற்குமா என்று அசிஸ்ட் இணையதளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பதிவு செய். டேக் (TAG) என்று ஒன்று இருக்கிறது, கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்கு யூசியில் இடம் உறுதி செய்யும் திட்டம். ஆறு யூசி வளாகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கேட்கும் மார்க்கும் பாடங்களும் இருந்தால், இடம் உறுதி. எல்லா மேஜருக்கும், அதாவது முதன்மைப் பாடத்துக்கும், கிடையாது, உன்னுடையதற்கு உண்டா என்று கேட்டுக்கொள். விண்ணப்பம் அடுத்த செப்டம்பரில், அந்த ஒரு மாதம்தான். அதற்குள் 30 யூனிட் முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த முதல் வருஷத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது "ஆபீஸ் அவர்" பற்றி, அதாவது மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்க ஆசிரியர் தன் அறையில் ஒதுக்கி வைக்கும் நேரம்.

இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வருஷம் நானும் ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் அக்கவுன்டிங் சேர்ந்தேன். ஊரில் பி.காம் முடித்தவள், அதுவும் தமிழ் வழியில். முதல் மிட்டர்ம் பரீட்சையில் 54 மார்க். ஆசிரியையின் அறைக் கதவு திறந்தே இருந்தது. இரண்டு தடவை அதைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். நம்மூரில் வாத்தியார் அறைக்குப் போனால் திட்டு வாங்கத்தான் போவோம். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். நீ எப்படிக் கற்றுக்கொண்டாய், எழுதிக் காட்டு என்றார். ஒரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று எழுதி, அவர் சொன்ன ஐந்து கணக்கையும் தமிழிலேயே போட்டேன். எழுத்து ஒன்றும் அவருக்குப் புரியாது. எண்களை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஐந்தும் சரி என்றார். உனக்குக் கணக்கு தெரிகிறது, வார்த்தைதான் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, பற்றுக்குப் பக்கத்தில் டெபிட், வரவுக்குப் பக்கத்தில் கிரெடிட் என்று பென்சிலால் எழுதினார். நான் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் வேறு ஒரு மாணவர்கூட வரவில்லை. அந்த நேரம் முழுக்க மாணவர்களுக்காக அவர் ஒதுக்கி வைத்திருந்தது.

கால்குலஸ் புரியவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். யாரிடம் கேட்டாய் என்றதற்கு யூடியூப் என்றாய். உன் சிலபஸின் முதல் பக்கத்தில் ஆசிரியரின் அறை எண்ணும் நேரமும் இருக்கும். சும்மா புரியவில்லை என்று போய் நிற்காதே, எந்தக் கணக்கில் எந்த வரியில் நின்றுபோனாய் என்று போட்ட தாளோடு போ. வகுப்பைக் கைவிடலாமா என்ற யோசனையை அதுவரை தள்ளி வை. கைவிட வேண்டியதாகவே ஆனாலும் கடைசித் தேதியைப் பார்த்து முறையாக விலகு, போகாமல் மட்டும் நின்றுவிடாதே. நின்றுவிட்டால் எஃப், அதாவது ஃபெயில், விழும், அது மார்க் சராசரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பருப்புப் பொடியும் மிளகாய்ப் பொடியும் அனுப்பியிருக்கிறேன். பெரியம்மா என்ன சொன்னாள் என்று கேட்பாய். "புள்ள நல்லா சாப்பிடுறானா?" என்றாள், அவ்வளவுதான்.

ஆசிரியரைப் பார்த்துவிட்டு அன்று இரவே கூப்பிடு. கடை மூடி எவ்வளவு நேரமானாலும் சரி, முழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா