நிற்பதற்கு முன்பே நின்றுவிடும் சரக்கு ரயில்

ஆசிரியருக்கு,

சரக்கு ரயில் வேலைநிறுத்தத்தின் இழப்பை, ரயில்கள் நின்ற நாளிலிருந்துதான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். பாதிப்பு அதற்குச் சில நாட்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. குளோரின், அம்மோனியா ஏற்றிய டாங்கர் வேகன்கள் ஆளின்றி நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்று ரயில் நிறுவனங்கள் அவற்றை முன்கூட்டியே ஏற்க மறுக்கின்றன. குளோரின் வராவிட்டால் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கையிருப்பைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதுதான். அம்மோனியா உரத் தொழிற்சாலைகளின் உயிர்நாடி.

2024 ஆகஸ்டில் கனடாவில் இப்படித்தான் நடந்தது. ஆகஸ்ட் 22 அன்று இரு பெரிய ரயில் நிறுவனங்களும் ஒரே நேரத்தில் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வெளியே நிறுத்தின. (நிர்வாகங்கள் செய்த கதவடைப்பு அது!) அன்றே அரசு தலையிட்டுப் பிரச்சினையைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்குத் தள்ளியது.

லாரிகளில் அனுப்பலாமே என்பவர்கள் ஒரு வேகன் சரக்குக்கு மூன்று, நான்கு லாரிகள் தேவைப்படும் என்பதை யோசிப்பதில்லை. அத்தனை ஓட்டுநர்களுக்கு எங்கே போவது?

அமெரிக்காவில் 2022-இல் ஊழியர்கள் கேட்டதில் முக்கியமானது சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு. நாடாளுமன்றம் அதைச் சேர்க்காமலேயே ஒப்பந்தத்தைச் சட்டமாக்கி வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. பொருளாதாரத்துக்கு இவர்கள் அவ்வளவு இன்றியமையாதவர்கள் என்றால், அந்த விடுப்பைப் பேச்சுவார்த்தையின் முதல் நாளிலேயே கொடுத்திருக்கலாமே!

– ஒரு வாசகர்