காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து உறவுகளுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

வடிவமைப்புப் போட்டியில் எங்கள் நால்வர் குழு செய்த மெய்நிகர் தறிக்கு, அதாவது கண்ணில் ஹெட்செட் மாட்டினால் எதிரே தெரியும் கணினித் தறிக்கு, இரண்டாம் பரிசு கிடைத்திருக்கிறது. பதினெட்டே நாளில் எப்படி முடித்தீர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். அந்தப் பதினெட்டு நாளில் யார் யார் கை கொடுத்தார்கள் என்று சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

முதலில் தறிக்கார ஐயாவுக்கும் அம்மாவுக்கும். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருந்தும் இரண்டும் பிரியாமல் நிற்பது, நெய்யும்போதே இரண்டின் குறுக்கு இழைகளையும் கோத்துப் பிணைக்கும் கோர்வையால்தான். அதற்குக் குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். ஹெட்செட் போடுபவரை அந்த இன்னொருவரின் இடத்தில் உட்கார வைப்பதுதான் எங்கள் யோசனை.

கணினியில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்பு, அட்டைப்பெட்டிகளை வெட்டித் தறி அகலத்துக்கு அடுக்கி, ஸ்கெட்ச் பேனாவை நாடாவாக வைத்து நடித்துப் பார்த்தோம். எப்போது நாடாவைத் தள்ள வேண்டும் என்பதற்கு மின்னும் அம்புக்குறி ஒன்றைத் திட்டமிட்டிருந்தோம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் எதையும் பாக்குறதில்லப்பா. அவர் மிதிக்கிற சத்தம் கேட்டா என் கை தானா போகும்."

அன்றே அம்புக்குறியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாகத் தறிக்குக் கீழே மிதிகள் இருக்கும் குழிக்குள்ளிருந்து, ஐயாவின் கால் இருக்கும் திசையிலிருந்தே, மிதியின் சத்தம் வரும்படி வைத்தோம். நடுவர்கள் அதிகம் பேசியது அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். அது அம்மா கொடுத்தது.

குவெஸ்ட் 2 ஹெட்செட்டைக் கடன் கொடுத்த சீனியர் அண்ணாவுக்கு அடுத்த நன்றி. பாவு இழைகள், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்கள், ஒவ்வொன்றையும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் தனித்தனியாகச் செய்து வைத்திருந்தோம். நொடிக்கு 72 ஃப்ரேம் வர வேண்டிய இடத்தில் படம் திக்கித் திக்கி ஓடியது. போட்டுப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. அண்ணா ராத்திரி இரண்டு மணி வரை கூட இருந்து, கைக்கு அருகே வரும் இழைகளை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை ஒரே தகட்டில் ஒட்டிய படமாக மாற்றினார். சரியாகிவிட்டது.

தறிவீட்டில் வெளிச்சம் குறைவு. ஹெட்செட்டின் கேமராக்கள் கையைப் பிடிக்கத் தடுமாறின. கேட்காமலேயே பக்கத்து வீட்டிலிருந்து டியூப்லைட் கொண்டுவந்து மாட்டிய தம்பிக்கும், வரிசையில் நின்று சோதித்துக் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், நாங்கள் போகும்போதெல்லாம் மோர் கொடுத்த பாட்டிக்கும் நன்றி.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஹெட்செட்டோடு வருகிறோம். முடிந்த வடிவத்தை அம்மா இன்னும் பார்க்கவில்லை. இந்த முறை அம்மாவின் இடத்தில் ஐயா உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அன்புடன்,
உங்கள் வீட்டுத் திண்ணையில் அட்டைப்பெட்டி வெட்டிய நால்வர்