தடுப்பூசி வரிசையில் பேசிய அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயர்கூடத் தெரியாது. டோக்கன் வாங்கிக் காத்திருந்த என்னிடம் "நீ தூங்குறியாம்மா?" என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதிவு. பிரசவத்துக்குப் பிறகு பால் போதுமா, எடை ஏறியதா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். என்னைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1970களில் செய்த ஆய்வைச் சொன்னீர்கள். கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மாவைச் சற்று நேரம் முகத்தில் அசைவே காட்டாமல் இருக்கச் சொல்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்கு அழுகை முட்டியது. என் முகமும் அப்போது அப்படித்தான் இருந்தது. உடனே மீதியையும் சொன்னீர்கள்: நன்றாக இருக்கும் தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை, விட்டுப்போனதை மறுபடி சரிசெய்துகொள்வதுதான் முக்கியம்.

பிறகு, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகள். 1987இல் வெளிவந்தது, தமிழிலும் உண்டு. என்னை நானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற கடைசிக் கேள்வி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். மனநல ஓ.பி.க்கு நீங்களே கூட்டிப்போய்ச் சீட்டு வாங்கித் தந்தீர்கள். "இது சோம்பல் இல்லைங்கம்மா, வைத்தியம் பார்த்தா சரியாகும்" என்று என் மாமியாரிடம் சொன்னீர்களே, அதன்பிறகு இரவில் பிள்ளையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது தூக்கம் வருகிறது அக்கா. பிள்ளை சிரித்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. மனமார்ந்த நன்றி.

இதைப் படிக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கு: அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.