பாப்பாயே பத்து வருடம் கழித்து வந்தவர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பிதழில் பழைய கார்ட்டூன்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கீரை தின்று பலம் பெறும் மாலுமி பாப்பாய் 1919-இல் பிறந்தார், அவருடைய காதலி ஆலிவ், நண்பர் விம்பி எல்லாம் அவரைச் சுற்றி உருவான துணைப் பாத்திரங்கள் என்று போட்டிருக்கிறீர்கள். ஆலிவ் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ்.

1919 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஓவியர் இ.சி. சீகர் தொடங்கிய சித்திரத் தொடரின் பெயர் 'திம்பிள் தியேட்டர்'. அதில் ஆலிவ் ஆயில் இருந்தாள், அவளுடைய காதலன் ஹாம் கிரேவி இருந்தான், அப்புறம் சகோதரன் கேஸ்டர் ஆயிலும் வந்து சேர்ந்தான். (தமிழில் விளக்கெண்ணெய்! குறுக்கு வழியில் பணம் பண்ணப் பார்க்கும் அவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.) பாப்பாய் எட்டிப் பார்த்ததே 1929 ஜனவரி 17-இல்தான். தலையைத் தடவினால் அதிர்ஷ்டம் கொடுக்கும் ஒரு கோழியோடு சூதாட்டத் தீவுக்குப் போகக் கேஸ்டர் கப்பல் வாங்குகிறான், அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும், துறைமுகத்தில் நின்ற ஒற்றைக்கண்ணனைக் கூலிக்குப் பிடிக்கிறான், அவ்வளவுதான் பாப்பாயின் வேலை. அந்தக் கதையில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தும் அவர் பிழைப்பது கீரையால் இல்லை, கோழியின் தலையைத் தடவித் தடவித்தான். கீரை டப்பா எல்லாம் பிற்பாடு வந்தது.

பயணம் முடிந்ததும் சீகர் அவரைக் கழற்றிவிட்டார். வாசகர்கள் விடவில்லை, திரும்ப வரவைத்தார்கள். பாவம் ஹாம் கிரேவி, பத்து வருடம் காதலித்தவன், காதலியையும் பாப்பாயிடம் இழந்து தொடரை விட்டே ஒதுங்கிப் போனான். உங்கள் கட்டுரையில் அவன் பெயர்கூட இல்லை.

சினிமாவிலும் இதே கதைதான். 1933-இல் பிளைஷர் ஸ்டூடியோ பாப்பாயை முதன்முதலில் திரைக்குக் கொண்டுவந்தபோது அது பெட்டி பூப் என்ற கார்ட்டூன் நாயகியின் வரிசைப் படமாகத்தான் வெளியானது. அந்தப் பெட்டி பூப்பும் 1930-இல் பிம்போ என்ற நாய் நடித்த படத்தில் நாய்க்காதோடு பாட்டுப் பாடிவிட்டுப் போக வந்தவள்தான். புளூட்டோ (டிஸ்னியின் நாய் இல்லை, தாடிக்காரன்) சீகர் வரைந்த தொடரில் 1932-இல் ஒரே ஒரு கதையில் வந்த வில்லன். அவனைப் பாப்பாயின் நிரந்தர எதிரியாக்கியது கார்ட்டூன் படங்கள்தான்.

விம்பிக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். 1931-இல் வந்தார். கோட்டு, தொப்பி, நாசூக்கான பேச்சு, பையில் மட்டும் காசு கிடையாது. இன்றைக்கு ஒரு ஹாம்பர்கர் கொடுங்கள், செவ்வாய்க்கிழமை மகிழ்ச்சியோடு பணம் தருகிறேன் என்பார். நம் ஊர்க் கடைகளில் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று எழுதிப் போட்டிருப்பதே இவரைப் போன்றவர்களுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். அவருக்கு வீரமும் இல்லை, வில்லத்தனமும் இல்லை, சண்டை நடக்கும்போது ஓரமாகத் தின்றுகொண்டிருப்பார், ஆனாலும் கண் அவர் பக்கம்தான் போகும். நாயகன் நல்லவனாகவே இருந்து தொலைக்க வேண்டும், இவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் சிரிப்பு முழுக்க இவரிடம். அமெரிக்காவில் தொடங்கி பிரிட்டனில் பெரிதான விம்பி ஹாம்பர்கர் கடைகளுக்கே இவர் பெயர்தான். கடன் சொல்லித் தின்றவர் பெயரில் கடை!

இதே தொடரில் 1936-இல் வந்த ஜீப் என்ற மாய விலங்கால்தான் ராணுவ ஜீப்புக்கு அந்தப் பெயர் வந்தது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு, அது தனிச் சண்டை.

சரி, நான் கேட்பது இரண்டே. 1919 என்பதை 1929 என்று திருத்திவிடுங்கள். அடுத்த முறை படம் போடும்போது பாப்பாயின் முறுக்கேறிய தசைகளை மட்டும் போடாமல், ஓரத்திலாவது விம்பியைப் போடுங்கள், காசு செவ்வாய்க்கிழமை தருவார்.

இப்படிக்கு,
பழைய காமிக்ஸ் வாசகன், மதுரை